பல் செட் ஜெரால்டின் ஒட்டகம்

காரைக்குடியில் வாய் நிறையச் சிரிக்கிற பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு மரிய ஜெரால்டைத் தெரியாது. ஆனால் அவர்கள் சிரிக்கிற சிரிப்பு அவர் செய்து கொடுத்தது. செக்காலை ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து அவர் பல் செட் செய்கிறார். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். ஜெரால்டு அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு வார்த்து, பல் பதித்து, அரம் போட்டு, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மாட்டிக்கொண்டவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “டாக்டர் கைராசிக்காரர்” என்பார். டாக்டரும் மறுத்துச் சொல்வதில்லை. எந்த டாக்டர்தான் சொல்வார்?

இதில் ஜெரால்டுக்கு வருத்தம் உண்டா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தத் தொழிலின் நாகரிகமே அப்படி. கட்டிய பல் கட்டிய பல் என்று தெரிந்துவிட்டால் அது கெட்ட வேலை. எல்லாப் பல்லையும் ஒரே வரிசையாக நிறுத்தினால்கூடப் பொய் வெளியே வந்துவிடும் என்று முன்பல் ஒன்றை மயிரிழை சாய்த்து வைப்பார். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக்காரர் கோழிக்காலைக் கடித்து இழுப்பதைப் பார்த்துவிட்டால் போதும், ஜெரால்டுக்குத் தன் இலை மறந்துபோகும். பிள்ளை பரீட்சையில் பாஸானதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி ஜெசி முழங்கையால் இடிப்பாள்.

“அடுத்தவுக வாயவே பாத்துக்கிட்டு இருக்காதீக. நம்மளப் பத்தி என்னா நெனப்பாக? சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க.”

ஜெசி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பேச்சும் ஊசி மாதிரிதான். சுருக்கென்று இறங்கும்; குணம் அப்புறம்தான் தெரியும். அந்தக் குணத்தை ஜெரால்டு எத்தனை வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்டார் என்பதுதான் இந்தக் கதை என்றும் சொல்லலாம்.

கொரோனா வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டது. வாயைத் திறக்காத ஊரில் பல் செட்டுக்கு ஏது வேலை? ஜெசிக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுவிட நேரமில்லை. ஜெரால்டுக்கு வீட்டில் மூச்சுவிடுவதைத் தவிர வேறு வேலையில்லை. நுணுக்க வேலை பழகிய கை சும்மா இருக்காது. ஒரு வாரம் வீட்டுப் பூட்டையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டார். மறுவாரம் பழுதே இல்லாத மிக்சியைக் கழற்றினார். அதை அவர் திரும்ப மாட்டிய பிறகு ஜெசி அம்மியில் அரைக்க வேண்டியதாயிற்று. “மனுசனுக்கு ஏதாவது வேலை குடு மாதாவே” என்று அவள் வேண்டிக்கொண்டது மாதாவின் காதில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

ஜெரால்டு போனில் எதையோ தேடப்போய் ஒரு விமானத்தின் வரைபடத்தில் வந்து நின்றார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய ஒற்றை ஆள் சண்டை விமானம். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. துப்பாக்கிகளை மூடிய தகடு திமில் மாதிரி துருத்திக்கொண்டிருந்ததால் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைய ஜெட்டாக இருந்திருந்தால் ஜெரால்டு தள்ளிவிட்டுப் போயிருப்பார். இது அப்படியில்லை. மரச்சட்டம், மேலே துணி, இழுத்துக் கட்டக் கம்பி, விமானி உட்காரப் பிரம்பில் பின்னிய இருக்கை. எஞ்சினுக்கு ஊற்றுவதோ விளக்கெண்ணெய். அட, எல்லாம் நம்ம வீட்டுச் சாமானாக இருக்கிறதே என்று அவருக்குப் புல்லரித்துவிட்டது.

அன்று டூட்டி முடிந்து குளித்துவிட்டு வந்த ஜெசியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த விளக்கெண்ணெய்ப் புகையைக் குடித்துக் குடித்து விமானிகளுக்கு வயிறு கழிந்ததாக ஒரு பேச்சு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“பாவம், சண்டைக்குப் போனாகளா, வெளிக்குப் போனாகளா?” என்றாள் ஜெசி. “செய்யிங்க. மிக்சியத் தொடாம இருந்தாச் சரி.”

கடையில் பெட்டியில் விற்கிற துண்டுகளை வாங்கி ஒட்டுவதற்குக் கிட் என்று பெயர். அதை ஜெரால்டு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொட்டு ஆணிவரை தன் கையால் செய்ய வேண்டும், நிஜ விமானத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு, நிஜத்தில் உள்ளே என்னென்ன இருந்ததோ அத்தனையும் இதிலும் இருக்க வேண்டும் என்று வைராக்கியம் வைத்துக்கொண்டார். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை ஊருக்கே தெரியும். இந்த ஒட்டகமும் முதலில் ஜன்னல் விளிம்பில்தான் ஒண்டியது. பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பிறகு பின்னறைக் கட்டிலைப் பிடித்தது. கடைசியில் அறையே அதனுடையதாயிற்று. சொந்தக்காரர்கள் வந்தால் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பழைய சாமான் கடையில் உடைந்த படச்சட்டங்களைப் பொறுக்கி வந்தார். தேக்கு, தாள் கனத்துக்கு இழைத்தாலும் லேசில் வளையாது, உடையாது. இறக்கைக்கு விலாக்கள் அதில் ஆயின. கோணல் பல்லை இழுத்துக் கட்டுகிற மெல்லிய கம்பி உடல் முழுக்க நரம்பாக ஓடியது. தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் பித்தளை முனையில் கம்பியை முறுக்கி இறுக்கும் திருகுகள் செய்தார். எஞ்சினுக்கு ஒன்பது சிலிண்டர். அதை எதில் வார்ப்பது? கையிலிருந்தது ஈறு செய்கிற பொருள்தான். ஆகவே ராணுவ விமானத்தின் எஞ்சின் கொஞ்ச நாள் குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாகப் பல்லிளித்துக்கொண்டு இருந்தது. பெயிண்ட் அடித்த பிறகுதான் அதற்கு ஒரு மரியாதை வந்தது.

ஒவ்வொன்றையும் முடித்த கையோடு காலைப் பலகாரத்துக்குக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ஜெசி அரைக் கண்ணால் பார்ப்பாள்.

“ம். இட்லி ஆறுது.”

அவ்வளவுதான். விமானி பிடிக்கிற குச்சியை அசைத்தால் வாலில் தகடு அசைகிற மாதிரி உள்ளுக்குள் கம்பி ஓட்டி முடித்த அன்றைக்கும் இட்லிதான் ஆறியது. ஜெரால்டுக்கு மனசு சுருங்கும். ஆனாலும் மறுவாரம் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். கொரோனா போய், டாக்டர்களெல்லாம் திறந்து, மாடியறையில் வேலை மறுபடி குவிந்த பிறகும் இது நிற்கவில்லை. காலையில் கொஞ்சம், ஞாயிறு பூசை முடிந்து கொஞ்சம் என்று நாலு வருடம் ஓடியது. அந்த அறையில் யாரும் எதையும் தொடக் கூடாது என்பது மட்டும் சட்டம். “தூசி தட்டுறேன்னு கைய வச்சுராத” என்று ஜெசியிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

“நானா? அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்பாள் அவள்.

எலும்புக்கூடு முழுதாக எழுந்து நின்றது. துணி போர்த்தவில்லை. மரமும் கம்பியுமாக உள்ளிருப்பது அத்தனையும் வெளியே தெரிந்தது. முடிந்த பல் செட்டை வாங்கிப் போக வீட்டுக்கு வந்த கிளினிக் பெண் தேவா அதைப் போனில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த ஊர் வாய்க்குப் பல் கட்டுகிறவரே ஜெரால்டு என்றாலும் மூட முடியவில்லை. மறுநாளிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டார், பங்குச் சாமியார், ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் பட்டறைக்காரர் குடும்பம், யாரென்றே தெரியாத இருவர். எல்லோரும் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். “என்னா நுணுக்கம்ண்ணே!” என்றார்கள்.

ஜெரால்டு இந்த வார்த்தையைத் தன் வேலைக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐம்பது வயதை நெருங்கிய மனிதர் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார்.

ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் அழகுராஜாவும் வந்தார். மீசையும் விபூதியுமாகக் கம்பீரமான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஜெரால்டு, இத்தன நாளா இந்த ஊர்ல இருக்கீக. இவ்வளவு நேர்த்தியா ஒரு வேலை செய்வீகன்னு எனக்குத் தெரியவே தெரியாதுய்யா!” என்று வாய் கொள்ளாமல் சிரித்தார்.

சிரித்த வாயில் மேல்வரிசை ஜெரால்டு செய்தது. கீழ்வரிசையும் அவர் செய்ததுதான். சாய்ந்திருந்த முன்பல் அவரைப் பார்த்து மின்னியது. ஜெரால்டு பணிவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அடுக்களையிலிருந்து ஜெசி ஏதோ பாத்திரத்தை ணங்கென்று வைத்த சத்தம் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. மாதிரி விமானம், கப்பல், ரயில் என்று செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்களாம். படம் அவர்கள் வரைக்கும் போயிருந்தது. கொண்டுவாருங்கள் என்றார்கள். சந்தோசத்தோடு ஜெரால்டுக்கு ஒரு கவலையும் வந்தது. கொண்டுபோக வேண்டுமென்றால் முடிக்க வேண்டும். முடிக்க வேண்டுமென்றால் துணி போர்த்த வேண்டும். போர்த்திவிட்டால் நாலு வருட வேலையில் முக்கால்வாசி உள்ளே போய்விடும். பிறகு அதைப் பார்க்க ஒரே வழி கிழிப்பதுதான்.

போர்த்தாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அழகுராஜா ஒரு யோசனையே வைத்திருந்தார். “ஒரு பக்கம் மூடுங்க, ஒரு பக்கம் தொறந்து விடுங்க. ரெண்டும் தெரியும்ல?”

“மேல்வரிசை மட்டும் கட்டிக்கிட்டுக் கீழ பொக்கையா விடச் சொல்றீகளா சார்?” என்று ஜெரால்டு கேட்டுவிட்டார். அழகுராஜா வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஆச்சரியம், ஜெசியும் அதையே சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“துணி போத்தாதீக.”

“ஏன்?”

“ஏனா? நீங்க பாக்குற வேலைதான் ஒருத்தருக்கும் தெரியாத வேலை. டாக்டரு பேரு வாங்கிட்டுப் போறாரு. இதாவது நாலு பேரு கண்ணுல படட்டும். இதையும் கொண்டுபோயிப் போத்தி மூடணுமா?”

“துணி இல்லாம இது பறக்காது ஜெசி.”

“இப்ப மட்டும் பறக்கப் போகுதாக்கும்!”

வெங்காயத்தினாலோ என்னவோ அவள் கண் கலங்கியிருந்தது. ஜெரால்டுக்கும் போர்த்த மனசில்லை என்பதுதான் உண்மை. துணி சரியில்லை, பசை சரியில்லை, காற்றில் ஈரம் என்று நாளைக் கடத்தினார். கண்காட்சி நெருங்கியது. கடைசியில் ஒரு நாள் துணிந்து, அப்பாவின் பழைய மல் வேட்டி ஒன்றைக் கிழித்து இடது பக்கக் கீழ் இறக்கைக்குப் போர்த்தினார். நிஜ விமானத்தில் துணியை விறைப்பாக்க அந்தக் காலத்தில் ஒரு வார்னிஷ் பூசினார்கள். நம்ம ஊரில் துணியை விறைப்பாக்க எல்லோருக்கும் தெரிந்தது கஞ்சி. மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற வேட்டிக்குப் போடுவோமே, நிறுத்தி வைத்தால் நிற்கிற கஞ்சி, அதையே காய்ச்சி இறக்கைக்குப் பூசி, மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டுக் காபி குடிக்கக் கீழே வந்தார்.

திரும்பிப் போனபோது இறக்கை சுட்ட அப்பளமாகச் சுருண்டு கிடந்தது. கஞ்சி காய்ந்து துணி இறுக, துணி இழுத்த இழுப்பில் மரச்சட்டம் முறுக்கிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஜெரால்டு அதைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்ததைப் பார்த்த ஜெசி, வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு, “சேசுவே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

துணியை நனைத்து உரித்தார். சட்டத்தை ஈரத்துணியில் சுற்றி, பலகையில் வைத்துக் கட்டி, ஒரு வாரத்தில் நேராக்கினார். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஆண்டவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார்கள். ஜெரால்டுக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் அவரைக் குத்தியது. தன் கையால் செய்தது கெட்டுப்போனதற்கு ஒருவன் சந்தோசப்படுவானா? தான் செய்துகொண்டிருப்பது விமானமா, ஊரார் மெச்சுவதற்கான கொலுவா என்று மாடியறையில் யாருக்கோ ஈறு வார்த்துக்கொண்டே யோசித்தார். அன்று வார்த்த ஈற்றையும் உரசி, உறுத்தாமல் செய்து, அடையாளம் இல்லாமல் மெருகேற்றித்தான் அனுப்பினார். அவருக்குத் தெரிந்த நல்ல வேலை அது ஒன்றுதான். மதியம் சாப்பிட வந்தவர், “போத்தத்தான் போறேன்” என்றார்.

அன்றைக்கு ஜெசி வைத்த வெஞ்சனத்தில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் அவள் ஒரு சட்டியைக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்தாள்.

“எங்க நர்சுத் தொப்பிக்குப் போடுற கஞ்சி வேற, சேலைக்குப் போடுற கஞ்சி வேற. இது சேலைக் கஞ்சி. கையை விட்டா விரல் தெரியணும், அம்புட்டுத் தண்ணியா இருக்கணும். வெயில்ல வைக்காதீக. பலகையில அழுத்திக் கட்டி நெழல்ல காய விடுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

அந்தக் கஞ்சி சொன்னபடி கேட்டது. துணியைத் தட்டினால் சின்ன உடுக்கை மாதிரி ஒலித்தது. ஒவ்வொரு இறக்கையாக, பிறகு வால், பிறகு உடல் என்று மூடிக்கொண்டே வந்தார். கடைசியாக முதுகுப் பக்கத்துத் துணியை இழுத்துத் தைக்கும்போது உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு தைத்துவிட்டார். மேலே சேற்றுப் பச்சை அடித்து, கீழே துணியின் வெள்ளையை அப்படியே விட்டு, நீலமும் வெள்ளையும் சிவப்புமாக வட்டங்கள் போட்டார். விமானம் ஆகிவிட்டது. வழக்கம்போலப் பார்க்க வந்தவர்கள், “நல்லா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துப் போனார்கள். யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மதுரைக்கு ஒரு வாடகைக் காரில் போனார்கள். பின்சீட்டு முழுக்க அட்டைப் பெட்டி. அதற்கும் கதவுக்கும் நடுவில் ஜெசி ஒடுங்கி உட்கார்ந்து, திருப்பத்தூர், மேலூர் என்று வந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் வேகமாகப் போனால், “தம்பி, உள்ள ஆளு இருக்கு, மெதுவா” என்றாள்.

மண்டபத்தில் ஏக அமர்க்களம். விளக்கு எரிகிற ஜெட்டுகள், புகை விடுகிற ரயில், ஆள் உயரக் கப்பல். அவற்றுக்கு நடுவே ஓரத்து மேசையில் ஜெரால்டின் ஒட்டகம் விளக்கும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நின்றது. வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரயிலைப் பார்க்கப் போனார்கள். ஜெசி பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

மதியவாக்கில் கண்காட்சி நடத்துகிறவர்களில் ஒருவரான சிவபிரகாஷ் வந்தார். இளைஞர், நல்ல மரியாதைக்காரர். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“சூப்பரா இருக்கு சார். எந்தக் கம்பெனி கிட் இது? பீஸெல்லாம் ரொம்ப நல்லா அசெம்பிள் பண்ணியிருக்கீங்க.”

ஜெரால்டு சிரித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தது நான்தான் என்று சொல்லிப் பழகாத வாய், ஐம்பது வயதில் திடீரென்று எங்கே பழகும்? “தேங்க்ஸ் தம்பி” என்றார்.

நாற்காலி கரகரவென்று பின்னால் போகிற சத்தம் கேட்டது.

“தம்பி, கொஞ்சம் இங்குட்டு வாங்க” என்றாள் ஜெசி. “கிட்டா? எது கிட்டு? குனிஞ்சு பாருங்க. மூக்குலேருந்து சொல்றேன். இந்த ஒம்பது சிலிண்டரும் பல் செட்டு ஈறுல ஊத்துனது. மூணாவது சரியா வரலன்னு உடைச்சுப் போட்டுத் திரும்ப ஊத்துனாக. அன்னைக்குக் கிறிஸ்மசு. கேக்கு வெட்டக்கூட வரல. இதுக்குப் பின்னால துப்பாக்கிக்கு ரெண்டு தோட்டாப் பெட்டி இருக்கு, தோட்டாவும் இருக்கு. ஒரு மனுசன் கண்ணுக்கும் படாது, ஆனா இருக்கு. அதுக்கும் பின்னால இருக்கை. பனை ஈர்க்கக் கிழிச்சுப் பின்னுனது. பின்னல் பெருசாத் தெரியுதுன்னு மூணு தடவ பிரிச்சாக. இருக்கைக்கு முதுகுப் பக்கத்துல பெட்ரோல் டாங்கி. பால்பவுடர் டப்பாத் தகரம். அதுக்கு மூடி கூடத் திருகுனாத் திறக்கும்.”

சிவபிரகாஷ் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஜெசி யாரையும் பார்க்கவில்லை. விரலைத் துணிக்கு மேல், படாமல், மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.

“இந்தத் துணிக்கு அடியில குறுக்கும் நெடுக்குமாக் கம்பி போகுது. கோணப்பல்லுக்குக் கட்டுற கம்பி. ஒவ்வொரு கம்பியிலயும் முறுக்குறதுக்குப் பித்தளைத் திருகு, பேனா ரீஃபிலு முனை. இந்தா இந்த எடத்துல ஒரு சட்டம் இருக்கு, அது மட்டும் கொஞ்சம் செவப்பு மரம். தேக்கு தீந்துபோச்சு, கட நாலு நாளா மூடியிருந்துச்சு. றெக்கைக்குள்ள வெலாவுல எல்லாம் ஓட்ட போட்டிருக்காக, கனம் கொறையணும்னு. எங்கம்மா மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வெளிய பெஞ்சுல உக்காந்து இந்தப் பக்கத்து வெலா பூராத்தையும் அரம் போட்டாக. எங்கம்மா பொழச்சு வந்துட்டாக. இதெல்லாம் கடையில கெடைக்குமா தம்பி? எந்தக் கம்பெனியில கெடைக்கும், சொல்லுங்க?”

ஜெரால்டு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டாப் பெட்டிக்குள் தோட்டா வைத்ததை அவளிடம் காட்டிய நினைவே அவருக்கு இல்லை. சிவப்பு மரச்சட்டத்தைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. விலாவில் ஓட்டை போட்டது கனம் குறையத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் ஒரு துண்டைக் கொண்டுபோய் வைத்தால் அரைக் கண்ணால் பார்க்கிறவள், இந்த நாலு வருடத்தையும் மூக்கிலிருந்து வால்வரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா” என்று சிவபிரகாஷ் எழுந்தார். ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார். கூட்டம் கூடியது. இன்னும் இரண்டு பேர் படமெடுத்தார்கள். பரிசு என்னவோ கப்பலுக்குத்தான் போயிற்று. ஜெரால்டுக்கு அது காதில்கூட விழவில்லை.

கூட்டம் கலைந்து, ஒருவர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, இருவரும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜெசிக்கு இப்போது வெட்கம் வந்துவிட்டது. சபையில் இப்படிச் சத்தம் போட்டுவிட்டோமே என்று காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

“எப்பப் பாத்த?” என்று கேட்டார் ஜெரால்டு.

“நீங்க வேலைக்குக் கெளம்புனப்புறம்தான். எனக்கு மதிய டூட்டிங்குற நாளெல்லாம் போயிப் பாப்பேன். தொட்டதில்ல. பாத்துக்கிட்டு நிப்பேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“என்னத்தச் சொல்றது? நல்லா இருக்குன்னு சொல்லிப்புட்டா முடிச்சிருவீகளோன்னு இருந்துச்சு. இதச் செய்யிறப்ப மட்டுந்தான் நீங்க வாய்விட்டுப் பாடுவீக.”

தான் பாடுவதும் ஜெரால்டுக்குத் தெரியாது. அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். யாராவது ஒருவர் பார்க்கமாட்டார்களா என்று ஒரு ஆயுசு முழுக்க ஏங்கியிருக்கிறார். தன் வீட்டிலேயே ஒருத்தி நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நிமிடம் அவருக்கு அவள்மேல் வந்த பிரியத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஜெரால்டு ஒருவரிடமும் சொல்லாததால் நானும் இதுவரை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கஞ்சி இழுத்துச் சுருண்ட அந்த இடது இறக்கையில் ஒரு விலா இரண்டாக முறிந்திருந்தது. புதிதாகச் செய்து மாட்ட வேண்டுமானால் இறக்கையையே பிரிக்க வேண்டும்; அதற்கு நாள் இல்லை. பசை வைத்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் ராவி, அதன்மேல் துணியை இழுத்து மூடிவிட்டார். விமானம் முழுவதிலும் அவர் ஏமாற்றிய ஒரே இடம் அதுதான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்னும்.

ஜெசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தாள்.

“இந்தப் பக்கம் ஒட்டுப் போட்ட வெலாவ மட்டும் நான் சொல்லல” என்றாள். “அது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.”

ஜெரால்டு அந்தக் கல்யாண மண்டபத்தில், அத்தனை பேர் நடுவில், முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார்.